எந்த லோடு அடித்த வண்டி?

எங்கள் பட்டறையில் செய்கிற ஆத்தங்குடித் தரைக்கல்லை இத்தனை வருடமும் வாடகை வண்டியில்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். மதுரைக்கோ திருச்சிக்கோ லோடு என்றால் காரைக்குடி வண்டிக்காரருக்குப் போன் போடுவோம். சொன்ன வண்டி சில நாள் வரும், சில நாள் அவர் மச்சான் வண்டி வரும். மச்சான் வண்டி வந்தால் அப்பாவுக்கு அன்றைக்கு இரண்டு டீ கூடுதல். பட்டை (குலுக்கலைத் தாங்கும் இரும்பு வில் தகடு) ஒடிந்த வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "இருபது கல் ஓரம் போயிருக்கு" என்று வாங்கியவர் போனில் சொல்வதை அவர்தானே கேட்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வர்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல். பத்துக்குப் பத்து இஞ்சுக் கல் ஒன்று ஏறக்குறைய மூன்று கிலோ வரும். முகம் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் ஓரம் அரிசி அளவு பெயர்ந்திருந்தால் அது கழிவுதான். அதனால் எங்களுக்கு வேண்டியது வேகமான வண்டியுமில்லை, அழகான வண்டியுமில்லை, குலுக்காத வண்டி.

புது வண்டிக்குத் தவணை கட்டினால் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் போட முடியாது. ஆகவே சின்ன லாரியான டாடா 407-இல் பழையது ஒன்று என்று முடிவு செய்தோம். 1986-இலேயே சந்தைக்கு வந்த ரகம். திருப்பத்தூரிலோ தேவகோட்டையிலோ ராத்திரி எட்டு மணிக்கு நின்றுபோனாலும் சாமான் கிடைக்கும், கைவைக்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார். 2017 ஏப்ரலில் பி.எஸ். 4 என்ற புகை விதி கட்டாயமாவதற்கு முந்தைய வண்டியாக இருக்கட்டும் என்றார் எங்கள் மெக்கானிக் பாய். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துதான் கோளாறு கண்டுபிடிக்க வேண்டும் என்ற வண்டி அவருக்கு ஆகாது.

பாய் போட்ட இன்னொரு நிபந்தனைதான் இந்தப் பதிவை எழுதவைத்தது. "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கேக்காதே. என்ன லோடு அடிச்சுச்சுன்னு கேளு." மீட்டரைத் திருப்பிவைப்பது ஐந்து நிமிட வேலை. வருடக்கணக்கில் சுமந்த சுமையை வண்டியிலிருந்து யாராலும் அழிக்க முடியாது.

முதலில் பார்த்தது திருமயம் பக்கம் ஒரு வண்டி. புதுப் பெயிண்ட், புது சீட் கவர், கேபினுக்குள் ரோஜா வாசனை. பாய் கேபின் பக்கமே போகவில்லை. பின்னால் போய்க் குனிந்தவர் பட்டைகளை எண்ணினார். கம்பெனி கொடுத்ததற்கு மேல் இரண்டு பட்டை கூட்டியிருந்தார்கள். அப்படியும் வெறும் வண்டியிலேயே வில் வளைவு இல்லாமல் பட்டை நேராகப் படுத்துக்கிடந்தது. ஜல்லியும் எம்.சாண்டும் அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி. பின் டயர்கள் நாலும் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தன, அதாவது பின் அச்சின் கூடான ஹவுசிங்கே லேசாக வளைந்திருக்கிறது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில், பட்டை உட்காரும் பிராக்கெட்டுக்கு மேலே, உள்ளங்கை அகலத் தகடு வைத்து வெல்டிங் அடித்து அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. விரலால் தடவினால் மேடு தெரியும். "வெல்டிங் வச்ச இடம் தாங்கும் தம்பி, அதுக்குப் பக்கத்துல விரியும்" என்று சொல்லிவிட்டு பாய் கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது ஜெகதாப்பட்டினத்துக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் மீன் ஏற்றப் போய்வந்த வண்டி. இன்ஜின் அருமை என்று புரோக்கர் சத்தியம் செய்தார். சத்தியம் பொய்யில்லை. சாவியைத் திருப்பியதும் பிடித்தது, புகை இல்லை, ஊதவும் இல்லை. ஆனால் மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். பாடிப் பலகைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இறங்கித் தேங்கும். வெளிப்பக்கம் கழுவுவார்கள், அந்த இடுக்கை யார் கழுவுவது? பாய் ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பேனரின் முனையால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் போனார். முன்பக்கம் டங் டங் என்றது. பின் அச்சைத் தாண்டியதும் சத்தம் தணிந்து பொத்துப் பொத்தென்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார், அப்பளம் மாதிரி ஒரு அடுக்குத் துரு பெயர்ந்து மண்ணில் விழுந்தது. பிரேக் பைப் ஓடுகிற பாதையைக் காட்டினார், கிளிப் இருந்த இடங்களில் எல்லாம் பைப் பொரிந்திருந்தது. இன்ஜினை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் அந்த வண்டியை வாங்கலாம்.

இதில் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். நல்ல இன்ஜின் போகிறதே என்பது அவர் கவலை. நான் சொன்னது, இன்ஜினை இறக்கி வேலை பார்த்துவிடலாம், டீசலைப் பீய்ச்சுகிற பம்ப், நாசில் கழற்றிக் கொடுத்தால் சரியாகி வரும், காசு செலவாகும் அவ்வளவுதான். சேஸிஸ் போனால் வண்டியே போச்சு. அதில் பதித்திருக்கும் நம்பர்தான் ஆர்.சி.யில் இருக்கும் நம்பர், அதை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இந்தக் கணக்கை அவர் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது, அதுவும் பாய் சொன்ன பிறகுதான்.

மூன்றாவதாக நாமக்கல்லில் ஒரு முட்டை வண்டி. 2016 மாடல். எடுத்ததிலிருந்து முட்டைதான் ஏற்றியதாக விற்கிறவர் சொன்னார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். ஓட்டம் அதிகம், அதை அவரே முதலில் சொல்லிவிட்டார். "ஓட்டம் நெறையங்க தம்பி. ஆனா பள்ளத்துல போட்டா முட்டை என்ர கணக்குல ஒடையும், அதனால டிரைவரை அப்படித்தான் வச்சிருந்தனுங்க." முட்டை ஏற்றுகிறவனுக்கும் கல் ஏற்றுகிறவனுக்கும் பயம் ஒன்றுதான் என்று தோன்றியது. விலை பேசுவதற்கு முன்பே பாதி மனது அங்கே விழுந்துவிட்டது. அப்பா முகத்தைப் பார்த்தேன், அவருக்கு முழுசாகவே விழுந்திருந்தது.

முதல் நாளே விற்கிறவரிடம் சொல்லிவைத்திருந்தோம், நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. சூடான இன்ஜின் பல உண்மைகளை மறைத்துவிடும். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பார்த்தோம், சில்லென்று இருந்தது. செல்ஃப் இரண்டு சுற்றில் பிடித்தது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, ஒரு நிமிடத்தில் போய்விட்டது. சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் கூலண்ட் உள்ளே போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும், நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் சம்பந்தப்பட்டது, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பிறகு பாய் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. மூடி துள்ளி விழுந்தால் இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்து அழுத்தம் கீழே கசிகிறது என்று அர்த்தம். மூடி லேசாக நடுங்கியது, விழவில்லை. "கொஞ்சம் ஊதுது. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். அந்த வேலைக்குன்னு காசு ஒதுக்கி வச்சுக்க" என்றார். இதை விற்கிறவர் காதுபடவே பாய் சொன்னார், அதில் விலையும் கொஞ்சம் இறங்கியது.

கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டால் இன்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது. இது அணைந்தது. பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்கு, இன்ஜினை நிறுத்திவிட்டு மிதியை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே ஸ்டார்ட் பண்ண வேண்டும். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் ஆட்டம் இருந்தது. என்னை ஏறி பிரேக்கை மிதிக்கச் சொன்னார் பாய். மிதித்ததும் ஆட்டம் நின்றது. அப்படி நின்றால் ஆட்டம் வீல் பேரிங்கில், மிதித்த பிறகும் ஆடினால் முன் சக்கரம் திரும்புகிற ஆணியான கிங்பின்னில். கிங்பின் வேலை என்றால் செலவு வேறு மாதிரி.

டயரில் ஏமாறாமல் இருப்பது சுலபம், குனிந்தால் போதும். வெளி டயர் பட்டனோடு இருக்கும், உள் டயர் வழவழவென்று இருக்கும். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்பது கணக்கு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கிற நாலு எண்ணைப் படித்தால் டயரின் ஜாதகம் தெரியும். 3519 என்றால் 2019-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. இந்த வண்டியில் உள்ளே இரண்டும் ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று விலையில் கழித்தோம்.

ஓட்டிப் பார்க்கும்போது பாய் வெறும் வண்டியை ஓட்ட மறுத்துவிட்டார். காலி வண்டி எல்லாம் நல்லாத்தான் ஓடும் என்றார். பண்ணையிலிருந்து தீவன மூட்டைகளை ஏற்றச் சொன்னோம், விற்கிறவரும் முகம் சுளிக்காமல் ஏற்றிவிட்டார். போய் வந்ததும் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தோம். முன் இடது மட்டும் மற்றதைவிடச் சூடு. அதே பேரிங்தான்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் பரிவாஹன் இணையதளத்தில் நம்பரைப் போட்டு எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், வரி, கட்டாத அபராதம் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அவர்களுடைய என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று) கடனை நீக்குகிற ஃபார்ம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்று விற்கிறவர் எவ்வளவு சொன்னாலும். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸைப் பதினாலு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், பலர் விட்டுவிடுவது இதைத்தான். சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். ஆக எங்களுக்கு இனி வருடா வருடம் அந்தச் செலவு உண்டு. சேஸிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுங்கள். துருவைச் சுரண்டித் துடைத்துவிட்டுத் தேய்த்தால் ஒவ்வொரு எண்ணாக மேலே எழும்பி வருவதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

ஒரு விஷயம் ஆர்.சி.யில் படித்தால் மட்டும் போதாது. ஏற்றக்கூடிய எடை என்பது மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தது. பிறகு யாராவது பாடிக்கு இரும்புத் தகடு அடித்திருந்தால் காலி எடை கூடியிருக்கும், காகிதத்தில் பழைய எண்ணே இருக்கும். எடை மேடையில் வெறும் வண்டியை ஒருமுறை ஏற்றிவிடுங்கள். எங்களுக்கு இது முக்கியம். கல்லை நிறுத்திவைத்து ஒரே ஒரு அடுக்கு போட்டாலே டன் கணக்கு முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பாடி காலியாகத் தெரியும், "இன்னும் ஒரு அடுக்குப் போடலாமேண்ணே" என்பார்கள். அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் அபராதமே இருபதாயிரம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் தனியாக இரண்டாயிரம்.

வண்டி ஊருக்கு வந்ததும் நேராகப் பிள்ளையார்பட்டி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டுக் கொண்டுவந்தால், அப்பத்தா கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு "என்னடா, கவிச்சு அடிக்குது" என்றார். பலகை இடுக்கில் எல்லாம் உடைந்த முட்டை காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. எறும்பு வரிசை நாமக்கல்லிலிருந்தே கூட வந்திருக்கும் போல. சோடாவும் வெந்நீரும் ஊற்றிச் சுரண்டி எடுத்தோம்.

அப்புறம் பாயின் பட்டறை. போன மாதம்தான் ஆயில் மாற்றினோம் என்று விற்கிறவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் வாங்கிய வண்டிக்கு இன்றுதான் முதல் நாள் என்று வைத்து எல்லாத் திரவத்தையும் மாற்றிவிடுவது நல்லது. இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், பின் அச்சின் பல்சக்கரத்துக்கான கிரவுன் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கறுத்துப்போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம். கிரவுன் ஆயிலை இறக்கும்போது அதை வடிக்கிற பிளக்கில் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற மாதிரி இரும்புத் துணுக்கு வந்தால் பல் உடைகிறது. எங்களுடையது மை மட்டும்தான்.

ரேடியேட்டருக்கு வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றினால் போதாதா என்றார் அப்பா. அந்தக் காலத்தில் அப்படித்தான் ஊற்றினார்களாம். எங்கள் போர் தண்ணீரை ஊற்றுவதற்கு அது எவ்வளவோ மேல், உப்புப் படியாது. ஆனால் துருவைத் தடுக்கிற மருந்து அதில் இல்லையே. கூலண்ட்தான் ஊற்றினோம். பழைய ஹோஸ் இரண்டை அமுக்கிப் பார்த்ததில் ஒன்று மொறுமொறுவென்றது, அதையும் மாற்றினோம்.

டீசல் டேங்கைக் கழற்றி அடியில் கிடந்த வண்டலைக் கழுவினார்கள். டீசல் ஃபில்டர் புதிது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடலாமா என்று கேட்டதற்கு பாய் பதிலே சொல்லவில்லை, புதிதை எடுத்துக்கொடுத்தார். ஆத்தங்குடியிலிருந்து மெயின் ரோடு ஏறும்வரை செம்மண் புழுதி, அதில் சிக்கனம் பார்ப்பதற்கில்லை.

சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புகளைத் திறந்து பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவினார்கள். முன் இடது பேரிங்கின் உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது, சூட்டின் அடையாளம். பேரிங்கும் சீலும் புதிது. கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவைத்து அடித்தார்கள். எடை தரையில் இருந்தால் அடிப்பக்கத் தட்டுக்குள் கிரீஸ் போகாது. பம்பை அழுத்த அழுத்த முதலில் ஒன்றும் வரவில்லை, பிறகு தார் போன்ற பழைய கிரீஸ் பிதுங்கியது, அதன் பின்னால் புதுசின் நிறம் வந்ததும் நிறுத்தினார்கள். கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் ஒன்று அடைத்திருந்தது, அதை மாற்றிய பிறகுதான் ஏறியது. வண்டிக்கு கிரீஸ் அடித்தாயிற்று என்று பையன் சொன்னால் எல்லா நிப்பிளிலும் இப்படிப் புதுசு எட்டிப்பார்த்ததா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

பின் பட்டையைப் பிரித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. திருமயம் வண்டியில் கூட்டியிருந்தார்கள் என்றால், இதில் ஒரு பட்டையைக் குறைத்திருந்தார்கள், முட்டைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று. பட்டைகளைக் கோக்கிற சென்டர் போல்ட் குட்டையாக இருந்ததைப் பார்த்தே பாய் பிடித்துவிட்டார். மெத்தென்று இருப்பது எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் கல் முழு எடை. குறைந்த பட்டையில் முழு எடை ஏற்றினால் மெயின் பட்டை ஒடியும். அதனால் எடுத்த பட்டையைத் திரும்பப் போட்டு, பட்டை முனையில் இருக்கிற ஷேக்கிள் புஷ் மாற்றி, பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்டை முறுக்கினோம். முதல் லோடு போய்வந்த பிறகு யூ போல்டையும் வீல் நட்டையும் மறுபடி முறுக்க வேண்டும், பட்டைகள் அழுந்தி உட்கார்ந்ததும் பிடி தளரும். குலுக்கலுக்கு வைக்கோலைக் கூடுதலாகப் போட்டுக்கொள்கிறோம், கல்லை முகத்தோடு முகம் சேர்த்து, பின் அச்சுக்கு முன்னால் அதிகம் வருகிற மாதிரி அடுக்குகிறோம்.

மதுரை லோடு போய்வந்துவிட்டது, ஓரம் போன கல் என்று போன் வரவில்லை. யூ போல்ட் அரைச் சுற்றுக்கும் மேலே இழுத்தது. இப்போதைக்கு ஒரே குறை, நாற்பதைத் தொடும்போது கேபினுக்கு அடியில் ஒரு முனகல், ஐம்பதில் இல்லை. பின் அச்சைச் சுழற்றுகிற தண்டின் சென்டர் பேரிங் என்கிறார் பாய், பொங்கல் தாண்டிப் பார்த்துக்கொள்ளலாமாம். அந்தத் தண்டின் இணைப்பான கிராஸையும் சேர்த்து அடுத்த வாரமே கழற்றச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால் வீட்டு வேலை முடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கல் கேட்பார்கள், அப்போது வண்டியைப் பட்டறையில் படுக்கப்போட முடியாது.